நேராத நேர்ச்சை

ரஜப் பிறை 4, சனி

காலையிலிருந்து மழை. பின்கட்டில் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று. ஜொகூரில் வெள்ளிக்கிழமை லீவு போய் சனி, ஞாயிறு லீவாக மாறிய வருடம் இது. மாறியபின் முதல் சனிக்கிழமை. எங்கள் ஊர் குளுவாங் முழுக்கக் குழப்பம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் யா, நேற்று வெள்ளிதானே என்று பேத்தியை ஸ்கூலுக்கு எழுப்பாமல் விட்டுவிட்டார். பஸ் வந்து ஹார்ன் அடித்தபிறகுதான் அலமாக் என்று ஓடினார்.

செய்ய வேண்டியவை:
காது மெஷினுக்கு பேட்டரி.
கால் நகம். குனிய முடியவில்லை, யாரிடம் கேட்பது.
மைமூனின் சுகர் மாத்திரை முடியப்போகிறது. ராஹிலாவிடம் சொல்ல வேண்டும்.

முழுப் பெயரும் எழுதினால் விரல் நோகிறது. இனி என் மகள் மைமூனுக்கு மை. அவள் மகள் ராஹிலாவுக்கு ரா.

ரா. எட்டிப் பார்த்தாள். "நன்னா, அரபில என்ன எழுதுறீங்க, துஆவா?" ஆமாம் என்றேன். துஆ இல்லை. எழுத்துதான் அரபு, பேச்சு தமிழ். சின்ன வயதில் இரண்டு வருடம் குர்ஆன் ஓதப் போனதில் கையில் ஒட்டியது இந்த எழுத்து மட்டும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிற மலாயும் தெரியாது. கடை போர்டில் ஜாவி, அதாவது அரபு எழுத்து மலாய், இருந்தால் எழுத்துக் கூட்டுவேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. எண்பத்து நாலு வயதுவரை மறைத்தாயிற்று.

மத்தியானம் ஒன்று காதில் விழுந்தது. அதற்காகத்தான் நோட்டை எடுத்தேன். சுற்றிவளைத்து வேறெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரா. செனாயில் ஃபேக்டரி வேலை. சனி ஞாயிறில் டிகிரி படிக்கிறாள். வீட்டுப் பெண் ஒருத்தியிடம் கேள்வி கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஹாலில் தாயை உட்கார வைத்து, போனைப் பேச்சுப் பிடிக்க வைத்திருந்தாள். நான் அறையில். காது மெஷின் போட்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"போனைப் பாக்காதீங்கம்மா, சும்மா பேசுங்க லா."

"என்னத்தச் சொல்றது?"

"சின்ன வயசுல நடந்தது எது உங்கள இப்படி ஆக்குச்சு. அதான் கேள்வி."

"இப்படின்னா எப்படி?"

"இப்படித்தான். ஓதிக்குடுக்கிற உஸ்தாஸா. ஸ்ட்ரிக்ட்டு."

"நான் ஸ்ட்ரிக்ட்டா? உன் மேனேஜரைவிடவா?"

சிரித்தார்கள். பிறகு மை. சொன்னாள். அவள் குரலிலேயே எழுதி வைக்கிறேன், மறக்காது என்றாலும்.

"நான் நேர்ச்சைப் புள்ள. ரெண்டு வயசுல எனக்கு வலிப்பு. ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. அத்தா ஊர் தர்காவ நினைச்சு, பொழைச்சா இவள ஓதலுக்கே விட்டுடறேன்னு நேர்ந்துக்கிட்டாங்க. எனக்கு அது தெரியாது. ஆறாம் வகுப்பு முடிஞ்சு, ஜொகூர் பாருல ஹாஸ்டல் ஸ்கூல்ல எடம் கிடைச்சு, டீச்சர் வீட்டுக்கே வந்தாங்க. அப்ப அத்தா டீச்சர்கிட்ட சொன்னாங்க. நான் திரைக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

"அழுதீங்களா?"

"இல்லடி. பெருமையா இருந்துச்சு. கிளாஸ்ல எல்லாரும் சும்மா பொறந்தவங்க. நான் கேட்டு வாங்குன உசுரு. அன்னையிலேர்ந்து ஓடி விளையாடல. மரத்துல ஏறல. தலைத்துணிய யாரும் போடச் சொல்லல, நானே போட்டேன்."

பிறகு இன்னொன்று சொன்னாள். பத்தொன்பது இருபது வயதில், கோலாலம்பூரிலிருந்து நீளத் துணி போட்ட பெண்கள் வகுப்பெடுக்க வந்தார்களாம். அல்லாஹ்வைத் தவிர யார் வாசலிலும் நேர்ச்சை கூடாது, பெரிய பாவம் என்று சொன்னார்களாம்.

"ஒரு வாரம் சோறு இறங்கல. என் உசுரே தப்பான வாசல்ல போய்க் கேட்டு வாங்குனதுன்னா நான் என்ன பண்ணுவேன். அத்தாவக் கேக்க முடியுமா? அதான் வருஷா வருஷம் ரஜப் பதிமூணு, பதினாலு, பதினஞ்சு நோன்பு வைக்கிறேன். அத்தாவுக்காக. உசுரோட இருக்கவங்களுக்குப் பதிலா வைக்க முடியாதுன்னு தெரியும். உபரி நோன்பா, நஃபிலா வச்சு, யா அல்லாஹ், அத்தா செஞ்சத மன்னிச்சுடுன்னு கேப்பேன்."

"நன்னாவுக்குத் தெரியுமா?"

"எதுக்குச் சொல்லணும். மனசு உடைஞ்சு போவாங்க."

"அம்மா, கிளினிக்ல என்ன சொன்னாங்க? கிட்னி பாதிதான் வேலை செய்யுது, இந்த வருஷம் நோன்பே கூடாதுன்னாங்க. ரமலான்கூட."

"மூணு நாள்தானே."

"மூணு நாள்லதான் வார்டுல படுப்பீங்க."

முப்பத்தெட்டு ரஜப். ரஜப் மாதத்தில் எல்லோரும் வைக்கிற நோன்பு என்றுதான் நினைத்தேன். மஃரிபுக்கு, பொழுது சாய்ந்து நோன்பு திறக்கையில், அவளோடு உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றிருக்கிறேன்.

நான் எந்த நேர்ச்சையும் நேரவில்லை. வாயால் இல்லை, மனதாலும் இல்லை.


பிறை 5, ஞாயிறு

மழை விட்டது. வாளியைக் கவிழ்த்தேன். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு தூக்கம் இல்லை.

அந்த வருடம் எது என்று இங்கே எழுதி வைக்கிறேன். மார்க்கெட் எதிரே காப்பிக்கடையில் கலர் டீவி வந்த வருடம். சனங்கள் காப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆறவிட்டுப் பார்த்தார்கள். மார்க்கெட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் அந்த வருடம்தான். எனக்கு மார்க்கெட்டில் அரைத்த மசாலா வியாபாரம். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் தனித்தனி டின்னில். மீன் கறிக்கு நாலு பேருக்கு என்றால் கை தானாக அளந்து இலையில் வைக்கும். ஆள் முகமும் அளவும் மறந்ததில்லை. எழுத்து தேவைப்படாத தொழில். அதனால்தான் அதில் இருந்தேன்.

வீட்டுக்கு நம்பர் கிடையாது, கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்குள்ளே வீடு. தபாலை போஸ்ட்மேன் பாக் மாட் என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் பழுப்பு உறை ஒன்று, மேலே அரசாங்க முத்திரை, இரண்டு புலி. அதே மாதிரி உறை முந்தின வாரம் கோழிக்கடைக்கு வந்தது. அது கடையைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ். எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டினேன். வழக்கமாகத் தபால் படித்துச் சொல்லும் சாப்பாட்டுக்கடை காசிம் ஊருக்குப் போயிருந்தார். வேறு யாரிடம் நீட்டினாலும், இந்த ஆளுக்கு இது தெரியாதா என்று வெளிச்சமாகிவிடும். தினமும் நோட்டில் எழுதுகிற மனிதன் என்று மார்க்கெட்டில் எனக்குப் பெயர். பேப்பரை விரித்து வைத்து படம் பார்ப்பேன். பக்கம் திருப்புவேன்.

உறையை மஞ்சள் டின்னுக்கு அடியில் வைத்தேன். திறந்தால்தானே நோட்டீஸ் என்று ஒரு புத்தி.

மூன்று வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சின்ன வயதுப் பெண், குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். கதீஜா, என் மனைவி, தேத்தண்ணி வைத்தாள்.

"ஐயா, ஹாஸ்டல் கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. ஏன் நீங்கள் மறுமொழி போடேல்ல? இந்த வட்டாரத்திலயே எங்கட பிள்ளை ஒண்டுக்குத்தான் கிடைச்சது."

அப்போதுதான் விளங்கியது. அந்த உறை. கடைக்கு நோட்டீஸ் இல்லை. மகளுக்கு இடம்.

படிக்கத் தெரியாது, அதனால் வைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. கதீஜாவுக்கு முன்னால், அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால், வாய் வரவில்லை. பொம்பளைப் பிள்ளை, தூரம், வேண்டாம் என்று ஆரம்பித்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். பஸ் நேரம் முதல் ஹாஸ்டலில் தொழ அறை இருக்கிறது என்பதுவரை விசாரித்து வந்திருந்தார். மாட்டிக்கொண்டேன். அப்போது வாயில் வந்தது, "ரெண்டு வயசுல வலிப்பு வந்தப்ப, ஊர் தர்காவ நினைச்சு, பொழைச்சா இவளை ஓதலுக்கு விடுறேன்னு நேர்ச்சை டீச்சர்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நேர்த்தி என்றால் அவர்கள் பக்கமும் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். அது தெரிந்தா சொன்னேன்? தெரிந்துதான் சொன்னேன் போலிருக்கிறது.

திரை அசைந்தது. காற்று என்று நினைத்தேன்.

நேர்ச்சை என்று சொன்னபின் இந்த ஊர் ஸ்கூலுக்கும் அனுப்ப முடியவில்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஓத விட்டேன். மீதி நேரம் கடையில் எனக்கு மசாலா அரைத்தாள். நல்ல கை. ஐந்து வருடம்.

கதீஜா அன்றைக்கே கேட்டாள். "எப்ப நேர்ந்தீங்க? நான்தானே ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துல இருந்தேன்." மனசுல என்றேன். அவள் மௌத்தாகும்வரை திரும்பக் கேட்கவில்லை. வலிப்பு நின்றது டாக்டர் போட்ட ஊசியால். அன்று நான் ஆஸ்பத்திரி வாசலில் பயந்து போய் பீடி குடித்துக்கொண்டிருந்தேன்.


பிறை 7, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது. காக் யா மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுத்தார். பேட்டரி வாங்கியாயிற்று. கால் நகம் இன்னும் அப்படியே.

சாயந்திரம் மை.யின் வகுப்பு. எட்டுப் பெண்கள், மூன்று பேர் மலாய்க்காரர்கள். காக் யாவும் உட்காருவார், பாதி வகுப்பில் குறட்டை. நான் வெளியே நாற்காலியில்.

ஒரு பெண் சொன்னாள், மகள் பரீட்சையில் பாஸானால் நோன்பு வைப்பாள் என்று தான் நேர்ந்திருப்பதாக. மை. ஓதுவதை நிறுத்தினாள்.

"யாரு நேர்ந்தது?"

"நான்தான் உஸ்தாஸா."

"யாரு வைக்கணும்?"

"மகள்."

"அப்ப நீங்க நேர்ந்தது அவ வயித்த. உங்க வயித்த நேருங்க. ஒருத்தர் உசுர இன்னொருத்தர் நேர முடியாது. கேக்காம ஒரு பொம்பளப் புள்ளைக்கு எதையும் முடிவு பண்ணாதீங்க. பெத்தவங்களா இருந்தாலும் சரி."

"எங்கத்தா எனக்கு மாப்பிள்ளையே கேக்காம முடிவு பண்ணுனாரு" என்றாள் இன்னொருத்தி.

"அதான் நீ இங்க வந்து உக்காந்து அவரத் திட்டிக்கிட்டு இருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். காக் யா விழித்து, என்ன விஷயம் என்று மலாயில் அபா அபா என்று கேட்டார், தமிழ்க் காதுக்கு அப்பா அப்பா. அதற்கும் சிரித்தார்கள்.

ரா.வை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தி நிச்சயம் செய்யலாம் என்று மருமகன் வீட்டார் வந்தபோது, மை. இதே வார்த்தையைத்தான் சொன்னாள். மை.யின் புருஷன் மௌத்தாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனியாக நின்று சொன்னாள். "என் புள்ளைய யாரும் நேர வேணாம்." எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, ஏன் இந்த வார்த்தை என்று. இன்றைக்குப் புரிகிறது. அத்தனையும் என் பொய்யிலிருந்து எடுத்து அவளாகக் கட்டியது. அவள் தொழுகை, அவள் தலைத்துணி, அவள் கோபம், ரா.வின் படிப்பு.

அடியில் ஒன்றுமில்லை என்று போய்ச் சொன்னால் அது என்ன ஆகும்?

சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நோன்பு.


பிறை 9, வியாழன்

மறுபடி மழை. முட்டியில் வலி.

கிளினிக் போனோம், ரா. காரில். மிஸி, அதாவது நர்ஸ், சின்னப் பெண், சீனத்தி, மலாயில் மை.யிடம் கறாராகச் சொன்னாள். தண்ணீர் குடிக்காமல் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் இருந்தால் மிச்ச கிட்னியும் போய்விடும், பிறகு வாரம் மூன்று தடவை மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மை. தலையை ஆட்டினாள். அது ஒப்புக்கு ஆட்டுவது என்று எனக்குத் தெரியும். வழியில் கடையில் நிறுத்தி நோன்புக்கு முன் விடிகாலையில் சாப்பிடும் சஹருக்குப் பேரீச்சம்பழம் வாங்கினாள்.

காரில் பின்சீட்டில் நானும் அவளும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மைமூன்."

"சொல்லுங்கத்தா."

"இந்த மழையில மீன் வராது."

"ம். வஞ்சிர மீனெல்லாம் வெல ஏறிப் போச்சு."

பிறகு மீனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். ரயில் நிலையம் புதிதாக உயரத்தில் கட்டுகிறார்களே, அதைப் பற்றியும்.

சாயந்திரம் அஸர் தொழுகையில், நெற்றி தரையில் பட ஸுஜூதில் கிடந்தேன். எழுந்திருக்க மறந்து. மை. ஓடி வந்து, "அத்தா, மயக்கமா?" என்று தூக்கினாள். மயக்கமில்லை.


பிறை 11, சனி

நாள் முழுக்க கொட்டுகிறது. தாழ்ந்த கம்பங்களில் தண்ணீர் ஏறி, ஸ்கூல் ஹாலில் சனங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் சாக்கடை மட்டும் நிரம்பியது. மை. பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சி அனுப்பினாள். நின்றே வேலை. கணுக்கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் கைலியை இறக்கி மூடிக்கொண்டாள்.

ரா. என் கால் நகத்தை வெட்டிவிட்டாள். நான் கேட்கவில்லை. "நன்னா, என்ன நகம் இது, கழுகு மாதிரி." பிறகு மெதுவாக, "அம்மாகிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க. நோன்பு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் வைக்கிறாள். இதை அவளிடம் எப்படிச் சொல்ல.

நாளைக்கு அஸருக்குப் பிறகு சொல்வது. தள்ளக்கூடாது.


பிறை 12, ஞாயிறு

சொல்லியாயிற்று. எழுத்து கோணல்.

அடுப்படி. மை. நாளைய சஹருக்கு ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ரா. மேசையில் லேப்டாப்போடு.

"மைமூன், உக்காரும்மா."

"மாவுக் கை அத்தா. சொல்லுங்க, கேக்குது."

"நாளைக்கு நோன்பு வைக்காத."

"ராஹிலா சொல்லிக் குடுத்தாளா?"

"நேர்ச்சைன்னு ஒண்ணு இல்லவே இல்லம்மா. நான் நேரல. டீச்சர்கிட்ட வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

கை நின்றது. ரா. லேப்டாப்பை மூடினாள். நான் எல்லாம் சொன்னேன். உறை, புலி முத்திரை, மஞ்சள் டின், காசிம் ஊருக்குப் போனது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதையும். அதைச் சொல்லும்போதுதான் தலையைக் குனிந்தேன். மற்றதற்கு இல்லை. என்ன மனிதன் நான்.

மை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சிரித்தாள். கோபமில்லை. குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"எனக்காக எம்பது வயசுக்கு மேல பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்களா அத்தா."

"அப்பச் சொன்னதுதான் பொய். இது நெசம்."

"உங்களுக்கா படிக்கத் தெரியாது? நான் பொறந்ததுலேர்ந்து நோட்டும் கையுமாப் பாக்கறேன்."

"அது அரபு எழுத்தும்மா. தமிழ் தெரியாது."

"பேப்பர் படிப்பீங்களே."

"படம் பாப்பேன்."

ரா. எழுந்து போய் தமிழ்ப் பேப்பரை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். "படிங்க நன்னா." பெரிய எழுத்துத் தலைப்பு. பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

"அவருக்குக் கண்ணுல புரைடி" என்றாள் மை. "என்னத்த விரிச்சாலும் தெரியலன்னுதான் சொல்லுவாரு."

அதுவும் சரிதான். புரை இருக்கிறது.

பிறகு அவள் கையைக் கழுவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தா, உங்க மனசு எனக்குத் தெரியும். நான் செத்துடுவேன்னு பயப்படறீங்க. அதுக்காக இப்படி உங்களயே கீழ இறக்கிச் சொல்லாதீங்க. எனக்கு அது தாங்காது. அன்னைக்கு அந்த வீட்டுல இருந்தவங்க யாராவது ஒருத்தர், வெளி ஆள், ஆமான்னு சொல்லட்டும். நம்புறேன். அதுவரைக்கும் நீங்க மொதல்ல சொன்னதுதான்."

ஒரு தடவை பொய் சொன்னேன், நாற்பத்தைந்து வருடம் நம்பினாள். உண்மையை ஒரு சாயந்திரம்கூட நம்பவில்லை.


பிறை 13, திங்கள்

மேகம். மழையில்லை. புழுக்கம்.

மை. சஹர் சாப்பிட்டாள். ஒரு ரொட்டி, மூன்று பேரீச்சம்பழம், தண்ணீர் இரண்டு கிளாஸ். எண்ணினேன்.

ரா. வேலைக்குப் போகவில்லை. தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ரா. மட்டும் மணிக்கு ஒருதடவை விரலில் ஊசி குத்தி சுகர் பார்த்தாள். மை. குத்தவிட்டாள்.

அஸர் நேரம். மை. அடுப்படித் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெள்ளை. ரா. தண்ணீரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், மை. தட்டிவிட்டாள். நான் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மைமூன், குடிம்மா. எனக்காக வைக்கிற நோன்புதானே. எனக்கு வேணாங்கறேன்."

கண்ணை மூடியபடியே சொன்னாள். "அத்தா, நீங்க நேத்துச் சொன்னது நெசமா இருந்தா, நாப்பத்தஞ்சு வருஷம் நான் யாரா இருந்தேன்?"

  ஓரளவு நம்பிவிட்டாள் என்று பட்டது. நம்பியதுதான் அவளைத் தரையில் உட்கார வைத்திருக்கிறது, பசி இல்லை.

"டீச்சர் சொன்ன புள்ளையா இருந்த" என்றேன். "வட்டாரத்துலயே ஒண்ணு."

அதற்கு அவள் அழுதாள். அழுதால் தண்ணீர் போகுமே என்று எனக்குக் கவலை. அப்போதும் அதுதான் ஓடுகிறது.

மஃரிபுக்கு முதல் வாய்த் தண்ணீர் இறங்குகிறவரை அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சொன்னாள்: "ஒருத்தர். வெளி ஆள். இருந்தா சொல்லுங்க. பதினஞ்சுக்குள்ள."


பிறை 14, செவ்வாய்

தூறல். மை. இன்றும் நோன்பு. சுகர் காலையில் இறங்கியது, பிறகு நின்றது. படுத்தே இருக்கிறாள். வகுப்பு இல்லை என்று காக் யா போய்ச் சொன்னார்.

பிறை 5-இல் எழுதும்போது ஒன்றை விட்டேன். யாரும் பார்க்காத நோட்டிலேயே விட்டேன். இப்போது எழுதுகிறேன். ரா.விடம் காலையில் சொல்லியும் விட்டேன்.

டீச்சர் வீட்டுக்கு வந்துபோன மறுநாள் காலை. மார்க்கெட்டில் கூட்டம் இல்லை. டீச்சர் மசாலா வாங்க வந்தார். மஞ்சள் டின்னை நகர்த்தினேன். உறையின் ஓரம் வெளியே தெரிந்தது, புலி முத்திரை. அவர் கை நீட்டி எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடி. என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். விரலால் கிழித்தார். உள்ளே இருந்ததை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி படித்தார், மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. பிள்ளையின் பெயர், என் பெயர், ஸ்கூல் பெயர். பதில் போட வேண்டிய தேதி போய் ஒன்பது நாள்.

"வாசிக்கத் தெரியாதோ ஐயா?"

நான் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்கென்ன. வெட்கப்பட ஒண்டுமில்லை. நான் இண்டைக்கே போய்க் கதைக்கிறன். ரெண்டு நாளில மாத்தலாம். நீங்கள் கைநாட்டு வைச்சால் போதும்."

இரண்டு நாளில் மாற்றியிருக்கலாம். அவர் கையில் பேனாவும் இருந்தது.

"வேணாம் டீச்சர். நேர்ச்சைன்னு வீட்டுல சொல்லியாச்சு."

"சொன்னனீங்களோ, நேர்ந்தனீங்களோ?"

மிளகாய் டின்னைத் திறந்தேன். மூடினேன்.

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, டின்னுக்கு அடியிலேயே வைத்தார். "மீன் கறிக்கு, நாலு பேருக்கு" என்றார். கட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் மாற்றலாகிப் போகும்வரை, வாரா வாரம் என் கடையில்தான் மசாலா வாங்கினார். ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மானம் போகக்கூடாது என்று. என் மானத்தை அவர் காப்பாற்ற, என் மகள் கொடுத்த விலை இது.

படிப்பறிவு இல்லாததால் நடந்தது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் நாள் அப்படி. மறுநாள் அப்படி இல்லை. மறுநாள் எல்லாம் தெரிந்துதான்.

ரா. கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை.  பிறகு போனை எடுத்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பழைய பிள்ளைகளின் வாட்சாப்பில் டீச்சர் இப்போது எங்கே என்று கேட்டாள். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் பதில் வந்தது. பேசினாள். வாசலில் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு. வந்து தாயின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நாளைக்கு நான் லீவு. காலையில கிளம்பறோம்."

"எங்க?"

"ஒருத்தரப் பாக்க. வெளி ஆள்."

மை. என்னைப் பார்த்தாள், நேராக. "நோன்போடதான் வருவேன்."

"அவங்க வீட்டுல தண்ணி குடுப்பாங்க" என்றாள் ரா. "குடிக்கிறதும் குடிக்காததும் அங்க வச்சு முடிவு பண்ணுங்க. நீங்களே."

மை.யின் சட்டை எடுத்து வைத்தாயிற்று, பாலியெஸ்டர் நீலம். மாத்திரை டப்பா. எனக்குக் கைத்தடி. அங்கே போய் அவர் முன்னால் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அந்தக் கடிதத்தை அறிந்தவர்கள்:
போஸ்ட்மேன் பாக் மாட், மௌத்து.
கதீஜா, மௌத்து. அவளுக்கு முழுதும் தெரியாது, தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.
சாப்பாட்டுக்கடை காசிம், ஊரிலிருந்து வந்த பிறகு ஒருநாள் உறையைப் பார்த்தார், பழசு என்று சொல்லிவிட்டேன். அவரும் மௌத்து.
நான். என் சாட்சி செல்லாது.
பொந்தியானில், தங்கை வீட்டில், காது நன்றாகக் கேட்கிறதாம், என் பெயரைச் சொன்னதும் மசாலாக்கடை ஐயாவோ என்றாராம்: மங்கையர்க்கரசி டீச்சர்.